பெரியவரை யார் இழுப்பது?

பேர்பெச்சுவாவின் குடும்பத்தில் நான்கு பேர். அப்பா பீலிக்ஸ், அம்மா பிறேமா, அவள், அப்புறம் பெரியவர்.

பெரியவர் மட்டும் வீட்டுக்குள் வருவதில்லை. ஸ்டுட்கார்ட்டில் அவர்கள் குடியிருந்த மாடிக்கட்டடத்தின் பின் முற்றத்தில், குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றார். வெள்ளி நிறம். நான்கு சக்கரம். முன்கதவில் ஒரு நெளிவு.

அது அப்பா ஜெர்மனிக்கு வந்து முதன்முதலாக வாங்கிய கார். அவள் பிறப்பதற்கு முன்பே அந்தக் குடும்பத்தில் சேர்ந்துவிட்டதால் அதற்கு அந்தப் பெயர்.

இரண்டு வருடங்களுக்கு முன் வாகனப் பரிசோதனையில் பெரியவர் தேறவில்லை. அதன் பிறகு தெருவில் ஓட அனுமதி இல்லை. அப்பா மழைக்கு ஒரு படுதாவைப் போர்த்திவிட்டு, நேரம் கிடைக்கும்போது திருத்தலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நேரம் கிடைக்கவேயில்லை.

இப்போது அவர்கள் ஹம்பேர்க்குக்குக் குடிபெயர்கிறார்கள். அப்பாவுக்குத் துறைமுகத்தில் புது வேலை. அங்கே பார்த்திருக்கும் வீட்டில் ஒரு கராஜ் இருக்கிறது. அதில் வைத்துப் பெரியவரைத் திருத்திவிடலாம். ஆனால் ஹம்பேர்க் வரைக்கும் அவர் தன் காலால் போக முடியாது. கார் ஏற்றும் ட்ரெய்லரில் வைத்து, வேறொரு வண்டிதான் இழுத்துப் போகவேண்டும்.

வீட்டுச் சொந்தக்காரர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சனிக்கிழமை நீங்கள் போகும்போது முற்றம் காலியாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் பழைய இரும்புக்காரர்களைக் கூப்பிடுவேன்.

பழைய இரும்புக்காரர்கள் காரை என்ன செய்வார்கள் என்று பேர்பெச்சுவாவுக்குத் தெரியும். ஒரு பெரிய இயந்திரம் அதை நசுக்கிச் சின்னப் பெட்டி போல ஆக்கிவிடும்.

அதை நினைக்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை. ஏன் என்று யாராவது கேட்டிருந்தால் அவளால் சொல்லியிருக்க முடியாது. அப்பாவுக்கு இவ்வளவு காலமும் பேக்கரியில் இரவு வேலை. அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் பகல் வேலை. ஒருவர் உள்ளே வரும்போது மற்றவர் வேலைக்குக் கிளம்பக் காலில் சப்பாத்து மாட்டிக்கொண்டிருப்பார். மூன்று பேரும் ஒன்றாக இருந்தது ஞாயிற்றுக்கிழமைகளில், தேவாலயத்தில் தமிழ்ப் பூசைக்குப் போய்வரும் வழியில், அந்தக் காருக்குள்தான். அப்பா ஓட்டுவார். அம்மா தோடம்பழம் உரித்து, ஒவ்வொரு சுளையாகப் பின்னால் நீட்டுவார். யார் எதைச் சொன்னாலும் மற்ற இருவருக்கும் கேட்கும்.

கார் நின்ற பிறகும் சில நாட்கள் பள்ளி விட்டு வந்ததும் அவள் பின்சீட்டில் போய் உட்காருவாள். ஒன்றும் செய்யமாட்டாள். சும்மா உட்கார்ந்திருப்பாள். உள்ளே தோடம்பழத் தோலின் மணம் இன்னும் இருப்பதாக அவளுக்குத் தோன்றும். அம்மாவைக் கேட்டால், அது பூஞ்சணத்தின் மணம் என்பார்.

*

பெரியவரை இழுக்கும் பொறுப்பை அன்ரன் மாமா ஏற்றுக்கொண்டார். அவர் அம்மாவின் தம்பி. புதிதாக ஒரு மின்சார வாகனம் வாங்கியிருந்தார். கறுப்பாக, உயரமாக, யானைக்குட்டி போல இருக்கும். அதைப் பற்றிப் பேசாமல் அவரால் ஒரு கோப்பை தேத்தண்ணீர்கூடக் குடிக்க முடியாது.

வியாழக்கிழமை ட்ரெய்லர் வாடகைக்குக் கொடுக்கும் இடத்துக்கு மாமாவும் அப்பாவும் அவளும் போனார்கள். அங்கே இருந்த பெண் மாமாவின் வாகனத்தைச் சுற்றிப் பார்த்தார். குனிந்து பின்பக்கத்தையும் பார்த்தார். இது எவ்வளவு எடை இழுக்கலாம் என்று கேட்டார்.

முன்னூறு குதிரை வலு இருக்கிறது என்றார் மாமா.

குதிரையைக் கேட்கவில்லை, எடையைக் கேட்டேன் என்றார் அந்தப் பெண். பிறகு அவரே தன் கணினியில் தேடிப் பார்த்துவிட்டு, முடியாது என்று தலையாட்டினார். காரும் ட்ரெய்லரும் சேர்ந்தால் இரண்டாயிரம் கிலோ வரும். இந்த வாகனத்துக்கு அனுமதி அதில் பாதிகூட இல்லை.

மாமாவின் முகம் சுருங்கியது. பேர்பெச்சுவாதான் அந்தப் பெண்ணிடம் கேட்டாள், அப்படியென்றால் எப்படிப்பட்ட வண்டி வேண்டும் என்று.

அந்தப் பெண் அவளுக்காக நின்று பதில் சொன்னார். இழுப்பது பெரிய காரியமில்லை. நிற்பதுதான் பெரிய காரியம். பிரேக் பிடிக்கும்போது பின்னால் வருவது முன்னால் போவதைத் தள்ளப் பார்க்கும். தள்ளினாலும் அசையாத கனம் வேண்டும், அடியில் உறுதியான இரும்புச் சட்டம் வேண்டும், அதோடு சேர்த்துப் பூட்டிய கொக்கி வேண்டும். வெளியே பளபளப்பதைப் பார்க்காதே, குனிந்து அடியைப் பார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தம்பியைப் பார்த்தார்.

"முன்னூறு குதிரை இருந்தும் ஒரு கிழவனை இழுக்க ஏலாதோடா?"

எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். ஆனால் அன்றைக்கு அவர் தன் வாகனத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசாமலே தேத்தண்ணீரைக் குடித்து முடித்ததைப் பேர்பெச்சுவா கவனித்தாள்.

*

வெள்ளிக்கிழமை பள்ளிக்குப் போகும்போதும் வரும்போதும் அவள் வண்டிகளின் அடியையே பார்த்துக்கொண்டு நடந்தாள். ஒரு கம்பத்தில் நெற்றியை இடித்துக்கொண்டாள். பெரிய பெரிய வண்டிகளுக்குக் கொக்கியே இல்லை.

வேறு வண்டிக்காக அப்பா தெரிந்த எல்லோருக்கும் தொலைபேசி எடுத்துப் பார்த்துவிட்டார். மத்தியானம் சாப்பாட்டைத் தொடவில்லை. சன்னல் பக்கம் நின்று முற்றத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவளும் கீழே போய்ப் பெரியவரின் பின்சீட்டில் உட்கார்ந்தாள். இதுதான் கடைசித் தடவை என்று நினைத்ததும் கண் கலங்கியது. கண்ணைத் துடைத்துவிட்டு வெளியே பார்த்தபோதுதான், முற்றத்தின் மூலையில் அது நிற்பது தெரிந்தது. சேறு படிந்த ஒரு பழைய பிக்கப் வண்டி. தினமும் பார்ப்பதுதான். இறங்கிப் போய்க் குனிந்து பார்த்தாள். தடித்த இரும்புச் சட்டம். கைமுட்டி அளவு கொக்கி.

அது மூன்றாம் மாடி சந்திரசேகரன் அங்கிளுடையது. தமிழ்நாட்டிலிருந்து வந்த எஞ்சினியர். இந்தக் கட்டடத்துக்குக் குடிவந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. படியில் கண்டால் சிரிப்பார்.

அவள் ஓடிப்போய் மணியை அழுத்தினாள். கதவு திறந்ததும் பாதித் தைரியம் போய்விட்டது. ஹம்பேர்க் எவ்வளவு தூரம். அவ்வளவு பெரிய உதவியை ஒரு சிறுபிள்ளை கேட்கலாமா? அப்பாவே கேட்பதுதான் முறை என்று தோன்றியது. அதனால் இதை மட்டும் சொன்னாள்.

"அங்கிள், எங்கடை பெரியவர் நாளைக்குப் போயிடுவார். அப்பா சாப்பிடவும் இல்லை. நீங்கள் ஒருக்காக் கீழை வருவீங்களோ? ஆறுதலா வந்தால் போதும்."

சந்திரசேகரன் அங்கிளின் முகம் அப்படியே மாறிவிட்டது. அவள் தலையைத் தடவி, "வர்றேன்டா கண்ணு, கண்டிப்பா வர்றேன்" என்றார்.

ஆறுதலாக வரச் சொன்ன மனிதர் சிறிது நேரத்திலேயே வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கையில் மூடிய பாத்திரம் ஒன்று. அதைச் சத்தமில்லாமல் மேசையில் வைத்துவிட்டு, அப்பாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"மனசைத் தேத்திக்குங்க சார். பெரியவங்க ஒருநாள் போகத்தானே வேணும்."

இத்தனை நாளில் ஒருவரும் அப்பாவிடம் இப்படிச் சொன்னதில்லை. அவர் நெகிழ்ந்துபோனார்.

"ஓம். ஆனால் கொண்டுபோய் நசுக்கப் போறாங்கள் எண்டதைத்தான் தாங்க ஏலாமல் கிடக்கு."

அங்கிள் ஒரு கணம் திகைத்தார். தன் காதில்தான் பிழை என்று நினைத்திருப்பார். மெதுவாக, ரொம்ப நாளாக முடியாமல் இருந்தாரா என்று கேட்டார்.

"இரண்டு வருசமா ஒரே இடத்திலைதான். முதல்லை ஒரு கண் போச்சு. பிறகு எண்ணெய் ஒழுகத் துவங்கினது."

"எண்ணெயா?"

அம்மா தேத்தண்ணீரோடு வந்து சேர்ந்தார். "என்ன செய்யிறது அண்ணை, உள்ளுக்கை வைச்சிருக்க எங்களுக்கு இடமில்லை. மழையிலையும் பனியிலையும் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்திலைதானே விட்டிருந்தனாங்கள்."

சந்திரசேகரன் அங்கிள் எழுந்து நின்றுவிட்டார். "வயசானவரை வெளியிலயா விட்டிருந்தீங்க?"

பேர்பெச்சுவாவுக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது.

"அங்கிள், பெரியவர் எங்கடை கார்."

அங்கிள் மெதுவாக மறுபடியும் நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு மூலையில் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்த அன்ரன் மாமா சிரிக்கத் தொடங்கினார். அம்மா தேத்தண்ணீர்த் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். கடைசியில் அங்கிளும் நாற்காலியில் சாய்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். பாப்பா ஆறுதலா வரச் சொன்னாளே, அதனால்தான் துக்க வீடென்று நினைத்துச் சாப்பாடு எடுத்து வந்தேன் என்றார். அவர் ஊரில் ஆறுதல் என்றால் தேற்றுவது. அவள் வீட்டில் ஆறுதலா என்றால் அவசரமில்லாமல், மெதுவாக. இரண்டு பேரும் தமிழில்தான் பேசியிருக்கிறார்கள்.

பாத்திரத்தில் புளிசாதம் இருந்தது. வீட்டுச் சட்டிபானை எல்லாம் பெட்டிக்குள் போய்விட்டிருந்ததால் அது எல்லோருக்கும் இரவுச் சாப்பாடாயிற்று. அப்பா இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டார்.

*

அதற்குப் பிறகு பிக்கப் வண்டியைக் கேட்பது கஷ்டமாக இருக்கவில்லை. இப்போது பேர்பெச்சுவாவே கேட்டாள்.

அங்கிளுக்குப் பழைய டிராக்டர்களை வாங்கித் திருத்துவதில் பைத்தியமாம். அவற்றை ஏற்றி இழுக்கத்தான் அந்த வண்டியாம். அதற்கு வேண்டிய ஓட்டுநர் உரிமமும் வைத்திருந்தார். டிராக்டரையே இழுக்குது, கார் நோ ப்ராப்ளம் என்றார். ஆனாலும் முற்றத்துக்கு வந்து பெரியவரைச் சுற்றிப் பார்த்து, என்ன எடை என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா கார் வாங்கியபோது இருந்த எடையைச் சொன்னார்.

பேர்பெச்சுவா அம்மாவைப் பார்த்தாள். அம்மா வேறு பக்கம் பார்த்தார்.

"அப்பா, அது வெறும் காரின்ரை எடை. அம்மா உள்ளுக்கை சாமான் வைச்சிருக்கிறா."

டிக்கியைத் திறந்தார்கள். அரிசி மூட்டைகள், ஆட்டுக்கல், மிளகாய்த்தூள் டப்பாக்கள், அப்பாவின் புத்தகக் கட்டுகள், மாதா சுரூபம். புது வீட்டுக்குப் போகிற வாகனம் வெறுமையாகப் போகக்கூடாது என்றார் அம்மா.

"மேடம், இது கார் இல்ல, மளிகைக் கடை" என்றார் அங்கிள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு விளக்கினார். இவ்வளவு கனமும் காரின் பின்பக்கத்தில் இருந்தால், பெரிய ரோட்டில் ட்ரெய்லர் வாலை ஆட்டும். ஆடத் தொடங்கினால் எந்த வண்டியாலும் பிடித்து நிறுத்த முடியாது. எல்லாவற்றையும் இறக்கியே ஆகவேண்டும்.

இறக்கி எங்கே வைப்பது? மறுநாள் வீட்டுச் சாமான் ஏற்ற வரும் வானில் இனி ஒரு பெட்டிக்கும் இடமில்லை. ஆட்டுக்கல்லை விட்டுவிட்டு வர அம்மா சம்மதிக்கவில்லை.

அன்ரன் மாமா கொஞ்சம் தள்ளி நின்றார். தன் வாகனத்தின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதில் ஒரு தூசியும் இல்லை. எல்லோரும் பிக்கப்பைச் சுற்றி நிற்கும்போது தனியாக நிற்பது எப்படி இருக்கும் என்று பேர்பெச்சுவாவுக்குத் தெரியும். பள்ளியில் பந்து விளையாட ஆள் பிரிக்கும்போது அவள் பல தடவை அப்படி நின்றிருக்கிறாள்.

அவள் அவரிடம் போனாள்.

"மாமா, உங்கடை வாகனத்திலை எவ்வளவு இடம் இருக்கு! ஆட்டுக்கல்லை அம்மா வேறை ஒருத்தரையும் நம்பிக் குடுக்கமாட்டா. நீங்கள் கொண்டுவருவீங்களோ?"

மாமா துடைப்பதை நிறுத்தினார். "சீற்று புதுசு, பிள்ளை."

"தெரியும் மாமா."

அவர் ஆட்டுக்கல்லைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். பிறகு தன்னுடைய கம்பளிச் சட்டையைக் கழற்றிச் சீட்டின்மேல் விரித்தார். "கொண்டுவாங்கோ. மிளகாய்த்தூளை மட்டும் மூடி பார்த்துத் தாங்கோ."

*

சனிக்கிழமை காலையில், வாடகைக்கு எடுத்து வந்த ட்ரெய்லரில் பெரியவர் ஏறினார். இரும்புக் கயிறு அவரை மெல்ல மெல்ல மேலே இழுத்தது. நான்கு சக்கரங்களையும் பட்டியால் கட்டினார்கள். அங்கிள் ஒவ்வொரு பட்டியையும் அடித்துப் பார்த்தார். அவருக்குப் பின்னால் போய் அப்பாவும் அடித்துப் பார்த்தார்.

பேர்பெச்சுவாவுக்குப் பெரியவருக்குள் உட்கார்ந்தே போக ஆசை. ட்ரெய்லரில் ஆள் ஏறக்கூடாது, அது சட்டம் என்று அங்கிள் சொல்லிவிட்டார். அதனால் அவள் பிக்கப்பின் பின்சீட்டில் அம்மாவோடு உட்கார்ந்தாள். அப்பா முன்னால், அங்கிளுக்குப் பக்கத்தில். மாமா ஆட்டுக்கல்லோடும் மாதாவோடும் முதலில் கிளம்பினார். வழியில் எங்கே வேலை நடக்கிறது, எங்கே நெரிசல் என்று அடிக்கடி தொலைபேசியில் சொல்லிக்கொண்டே போனார். இருந்தாற்போல், தன் வாகனம் எவ்வளவு சத்தமில்லாமல் ஓடுகிறது என்றும் சொன்னார்.

ஸ்டுட்கார்ட் முடிந்து பெரிய ரோடு வந்தது. பேர்பெச்சுவா சீட்டில் திரும்பிப் பின்கண்ணாடி வழியாகப் பார்த்தாள்.

பெரியவர் வந்துகொண்டிருந்தார். இரண்டு விளக்குகளில் ஒன்று மங்கி, மூக்கில் சேறு ஒட்டி, வெயில் பட்டு, ரோடு முழுவதையும் பின்னால் விட்டுக்கொண்டு அவளை நோக்கியே வந்தார். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஓடும்போது பெரியவரின் முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்கு இவ்வளவு காலமும் தெரியாது.

எப்படித் தெரியும்? அப்போதெல்லாம் அவள் உள்ளேதானே இருந்தாள்.