திரையில் தூங்கிய திமிங்கிலம்

மதியமானால் அவர்கள் வீடு கடலுக்கு அடியில் போய்விடும். ஜன்னலில் தடித்த நீலத் திரைச்சீலை, உள்ளே மங்கலான நீல இருட்டு. ரொட்டி அடுமனையில் இரவு முழுக்க வேலை பார்க்கும் அப்பா, அந்த ஒரே அறையில்தான் பகலில் தூங்குவார். சத்தமில்லாமல் நீந்தித் திரியும் மகளுக்கு அவர் வைத்த பெயர் மீன்குட்டி.

புத்தகம் இல்லாவிட்டால் மீன்குட்டிக்கு இருப்புக்கொள்ளாது. மாடிப்படியில் உட்கார்ந்து படித்தால் ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் காலை மிதிப்பார்கள். அதனால் திரைச்சீலையை ஒரு விரலளவு விலக்கி, அந்தக் கீற்று வெளிச்சத்தில் படிப்பாள். அது அப்பாவின் முகத்திலும் விழும். அவர் புரண்டு படுப்பார்.

போன வாரம் அப்பா கையைச் சுட்டுக்கொண்டு வந்தார்.

"தூக்கக் கலக்கம்" என்றார் சிரித்தபடி.

மீன்குட்டிக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றிலிருந்து அவள் திரைச்சீலையைத் தொடவில்லை. புத்தகத்தையும்தான்.

"அம்மா, புத்தகம் படிக்கிற ஈ-ரீடர்ல சிலதுக்கு உள்ளயே விளக்கு இருக்கு. பழசா ஒண்ணு வாங்கலாமா? புத்தகமெல்லாம் லைப்ரரியில ஏத்தித் தருவாங்க."

அம்மா சேமிப்பு டப்பாவை எடுத்தாள். "இதுக்குள்ள முடியணும். மேல ஒரு காசு கேக்கக் கூடாது, சரியா?"

பழைய சாமான் கடை மூழ்கிய கப்பல் மாதிரி இருந்தது. கடைக்காரர் இரண்டு ஈ-ரீடர்களை எடுத்து வைத்தார். வெள்ளை பளபளத்தது, ஆனால் அதில் விளக்கு இல்லை. விளக்கு இருந்த கறுப்புக்கு மூலையெல்லாம் தேய்ந்திருந்தது. அதன் திரையில் ஒரு திமிங்கிலம் கண்மூடி மிதந்தது. மீன்குட்டி அதைக் கையில் எடுத்தாள்.

"கறுப்பா? அது செத்துப் போச்சும்மா" என்றார் அவர். "வந்த நாள்லேர்ந்து அந்தப் படம் போகவே மாட்டேங்குது. வெச்சு விளையாடறதுன்னா சும்மா மாதிரி ஒரு விலைக்குத் தரேன்."

பள்ளி நூலகத்து ஈ-ரீடரும் விடுமுறை முழுக்க ஒரே படத்தோடுதான் கிடந்தது. சார்ஜ் தீர்ந்தாலும் இந்தத் திரையில் கடைசிப் படம் அழியாது. மீன்குட்டிக்கு அது தெரியும். இந்தத் திமிங்கிலம் சாகவில்லை, தூங்குகிறது.

வாயை மூடிக்கொண்டு வாங்கிப் போய்விடலாம். கடைக்காரரோ ஒன்றும் அறியாமல் மூக்குக்கண்ணாடியைச் சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மாமா, இது சாகல. சார்ஜ் போட்டுப் பாருங்களேன்."

"போட்டேனே. அஞ்சு நிமிஷம் ஆகியும் அசையலையே."

"அது பத்தாது மாமா. ரொம்ப நாள் பட்டினி கிடந்திருக்கு. நிறைய நேரம் விட்டு, அப்புறம் பட்டனை விடாம அழுத்தணும்."

காத்திருந்தார்கள். பிறகு மீன்குட்டி பொத்தானை அழுத்திப் பிடித்தாள். திமிங்கிலம் மறைந்தது. திரையில் நிலவொளி போல ஒரு வெளிச்சம் மெல்ல ஏறியது.

கடைக்காரர் வாயைப் பிளந்தார். அப்புறம் தலையைச் சொறிந்தார். "நல்ல சாமான்னா விலை வேறயாச்சேம்மா. எனக்கும் கட்டுப்படியாகணும்ல."

அம்மா டப்பாவை மூடினாள். "வா, போலாம்."

மீன்குட்டிக்குக் கண் கலங்கியது. வாசல் வரை போனவள் திரும்பினாள்.

"மாமா, இது மாதிரி செத்தது வேற இருக்கா?"

அவர் ஒரு இழுப்பறையைத் திறந்தார். உள்ளே வரிசையாக ஈ-ரீடர்கள் படுத்திருந்தன. ஒன்றில் பூ, ஒன்றில் பாய்மரக் கப்பல், ஒன்றில் நிலா.

"குப்பையில போடலாம்னு இருந்தேன்."

"இதையெல்லாம் நான் எழுப்பித் தரேன். கறுப்பை எங்க டப்பாவில இருக்கற காசுக்குத் தருவீங்களா?"

அவர் சிரித்துவிட்டார். "முதல்ல எழுப்பு, பாக்கலாம்."

மாலைக்குள் பூவும் கப்பலும் விழித்துக்கொண்டன. நிலா மட்டும் எழவில்லை. அது நிஜமாகவே செத்திருந்தது. கடைக்காரர் கறுப்பைத் துடைத்துக் கொடுத்தார்.

மறுநாள் மதியம் திரைச்சீலை முழுசாக மூடியிருந்தது. மூலையில் மீன்குட்டியின் முகத்துக்கு மட்டும் வெளிச்சம். விரலால் தொட்டால் போதும், சத்தமில்லாமல் பக்கம் மாறியது.

திடீரென்று அப்பா எழுந்து உட்கார்ந்தார். "மீன்குட்டி, எங்க இருக்கே?"

"இங்கதாம்ப்பா. வெளிச்சம் கண்ணுல படுதா?"

"வெளிச்சம் பட்டா திரும்பிப் படுத்துக்குவேன். பக்கம் புரட்டுற சத்தத்தைக் காணோமே. அதைக் கேட்டுக்கிட்டேதானே நான் தூங்குவேன்? ஒரு வாரமா அதுவும் இல்ல, தூக்கமும் இல்ல."

மீன்குட்டிக்கு இப்போது சிரிப்பு வந்தது. அப்பாவின் தலைமாட்டுக்கு நகர்ந்து, தாழ்ந்த குரலில் படிக்க ஆரம்பித்தாள். இரண்டாம் பக்கம் முடிவதற்குள் அப்பா கண்மூடி மிதக்கத் தொடங்கிவிட்டார்.