ஆளுக்கொரு பக்கம்

கோட்டை வாசலில் மகள் இல்லை.

அவள் போன வலப்பக்கப் பாதை சின்னது. இந்நேரம் வந்து, கல்லின்மேல் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். இடப்பக்கமாகப் போன அவன்தான் இரண்டு குளங்களையும் சுற்றி, காட்டைக் கடந்து, மேடேறி வந்திருந்தான். என்றோ இடிந்துபோன கோட்டையில் வளைவு வாசல் மட்டும் மிச்சம் நின்றது. அதன் கீழே கணுக்கால் அளவு சருகு. யாரும் மிதிக்காத சருகு.

வீட்டில் சண்டை வந்தால் இதுதான் வழக்கம். மனைவி ஆரம்பித்தது. இந்த வட்டப் பாதைக்கு வந்து ஆளுக்கொரு பக்கம் பிரிந்துவிடுவார்கள். எதிரெதிராக நடந்து வாசலில் முட்டிக்கொள்ளும்போது பாதிக் கோபம் வியர்வையோடு போயிருக்கும். மீதிக்கு, யாராவது ஒருவர் சமாதானமாகக் கை நீட்ட வேண்டும். பாதைக்குக் கிளை கிடையாது. சுற்றிலும் கம்பிவேலி, ஒரே கதவு. "வட்டத்துல யாருங்க தொலையப் போறா?" என்பாள். மகள் எப்போதும் அம்மா கட்சி.

மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பாமல் போன பிறகு இங்கே அவர்கள் வருவது இதுதான் முதல்முறை. மகள் வலப்பக்கம் தனியாகப் போனதும் முதல்முறை.

கதவருகே மனைவியின் தம்பி காரில் காத்திருந்தான். குழந்தை கொஞ்ச நாள் அவன் வீட்டில் இருக்கட்டும் என்று முடிவு. இவனால் சமைக்க முடிந்தது, துவைக்க முடிந்தது. பேசத்தான் முடியவில்லை. ஏழு வயதுக்குப் பேச்சு வேண்டும். காரைவிட்டு இறங்கியதுமே மகள் முரண்டு பிடித்திருந்தாள்.

"நான் மாமா வீட்டுக்குப் போகல. வேணும்னா நீ போய் இரு."

"வாலு, சொன்னா கேளு."

"கேக்க மாட்டேன். நீ அந்தப் பக்கம். நான் இந்தப் பக்கம்."

தம்பிக்காரன் சிரித்தான். "அப்படியே எங்கக்கா. போங்க மச்சான், வாத்துக் கூட்டம் மாதிரி குடும்பமே குளத்தச் சுத்துங்க. நான் இங்கயே இருக்கேன்."

இவனும் அவளைத் தனியாகப் போக விட்டுவிட்டான். வட்டம்தானே.

இப்போது போனை எடுத்தான். "மாப்ள, வாலு அங்க திரும்பி வந்தாளா?"

"இல்லையே. உங்க கூட இல்லையா?"

"கதவ விட்டு நகராத."

அவள் வர வேண்டிய பாதையில் இறங்கி ஓடினான். வெளிச்சம் மரங்களுக்குப் பின்னால் வடிந்துகொண்டிருந்தது. பாசியும் அழுகிய இலையும் கலந்த வாடை தொண்டைவரை வந்து நின்றது. எங்கோ ஒரு தவளை தொடங்கி, தன் குரலே பிடிக்காததுபோல் பாதியில் நிறுத்திக்கொண்டது. கூப்பிட்டான். குளத்தின் மேல் போன குரல் திரும்பி வரவில்லை. பாதி தூரத்தில், பின்னால், மேட்டின் மேல், அவளுடைய சிரிப்பு கேட்டது. கோட்டைப் பக்கம்.

மூச்சிரைக்கத் திரும்பி ஓடினான். வாசல் வெறுமை. சருகில் அவனுடைய செருப்புத் தடம் மட்டும்.

இப்போது சிரிப்பு கீழே, இடப்பக்கக் காட்டுக்குள். அவன் வந்த வழியில்.

அந்தப் பக்கம் நாலு எட்டு வைத்தான். உடனே வலப்பக்கம் சுள்ளி முறிந்தது.

ஓடினால் ஆகாது என்று புரிந்தது. இவன் சுற்றினால் அவளும் சுற்றுவாள். யாராவது ஒருவர் நிற்க வேண்டும். வளைவின் கீழே முட்டி போட்டான். கல்லின் குளிர் முழங்காலில் ஏறியது.

"வாலு, எங்கயும் அனுப்பல. சத்தியமா. கோவப்படு. வந்து அடி. வந்துடு மட்டும்."

இரண்டு கைகளையும் நீட்டினான். அதுதான் சமாதானம்.

வலப்பக்கம் சருகு நொறுங்கியது. சின்னக் கால்கள். மஞ்சள் கவுன், அவிழ்ந்த ரிப்பன். வந்து அவன் வலக்கையைப் பிடித்தாள். சூடான, பிசுபிசுப்பான, குழந்தையின் கை.

"கோவம் போச்சுப்பா."

இழுத்து அணைத்தான். தலைமுடியில் அவளுடைய எண்ணெய் வாசனை. அவள்தான். இத்தனை மாதமாக வராத அழுகை வந்தது.

இடப்பக்கம் சருகு நொறுங்கியது.

மஞ்சள் கவுன். அவிழ்ந்த ரிப்பன்.

"அப்பா."

வந்தாள். இடக்கையைப் பிடித்தாள். அந்தக் கையும் சூடு. அதே பிசுபிசுப்பு.

"கோவம் போச்சுப்பா."

மாறி மாறிப் பார்த்தான். அதே மச்சம். அதே விழுந்த பல். இதில் ஒன்று அவனுடையது. எது? தவறானதைக் கூட்டிக்கொண்டு போனால்? சரியானதை இருட்டில் விட்டுவிட்டால்?

சட்டைப்பையில் போன் அடித்தது. அவன் கையை எடுக்கவில்லை. எடுக்க முடியவில்லை. வலப்பக்கத்தவள் மறுகையால் போனை எடுத்து, பொறுமையாக அவன் காதில் வைத்தாள்.

"மச்சான், வாலு வந்துட்டா. கார்ல ஏறி உக்காந்துட்டா. ஒரே அழுகை. அப்பாவப் பாக்கணுமாம். சீக்கிரம் வாங்க."

அவன் வலக்கையைப் பார்த்தான். இடக்கையைப் பார்த்தான்.

"மச்சான்? கேக்குதா?"

போன் சருகில் விழுந்தது.

இரண்டு முகங்களும் அவனை நிமிர்ந்து பார்த்தன. சிரிப்பு இல்லை. கோபமும் இல்லை.

பிறகு வலக்கையைப் பிடித்தவள் வலப்பக்கம் நடக்கத் தொடங்கினாள். இடக்கையைப் பிடித்தவள் இடப்பக்கம்.

இருவரும் கையை விடவில்லை.