பச்சைத் துணி சுற்றிய நண்டுக் கதை

அந்தப் பெண்ணின் கண்களை ஹனீப் பிறகுதான் பார்த்தான். முதலில் பார்த்தது அவள் மடியில் இருந்த பச்சைத் துணியை.

திருவள்ளூர் ஹைஸ்கூல் மைதானம். ஐம்பத்தைந்தாம் வருடம், செப்டம்பர் மாதம். மூன்று நாள் இலக்கிய விழாவில் முதல் நாள். பெரிய பந்தலில் பெரியவர்கள் பேசினார்கள். யாரும் கேட்கவில்லை. கூட்டமெல்லாம் பின்பக்கம்தான். ஒரு மூலையில் பொம்மலாட்டம். இன்னொரு மூலையில் மணலுக்குள் களிமண் எழுத்துகளைப் புதைத்து வைத்திருந்தார்கள். தோண்டி எடுத்துத் தன் பெயரைச் சேர்க்கிற பிள்ளைக்கு ஒரு பென்சில். அப்பா ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம் என்று குடும்பமாகப் படிக்கும் போட்டி வேறு. கடைசியில், ஓலை வேய்ந்த கதைப் பந்தல்.

பென்சில் கொடுப்பதுதான் ஹனீப்பின் வேலை. அவன் அத்தா ஜலாலுதீன் பஜாரில் காகிதக் கடை வைத்திருந்தார். கல்லூரியைப் பாதியில் விட்டவன். சட்டையில் தொண்டர் பேட்ஜைக் குத்தியதிலிருந்து கொஞ்சம் கனம் ஏறியிருந்தது... சட்டையில் அல்ல, தலையில்.

கதைப் பந்தலில் சத்தமே இல்லை. அதுதான் அவனை இழுத்தது. கதை சொல்ல வேண்டிய வாத்தியார் வரவில்லையென்று பந்தலைப் பார்த்துக்கொள்ளும் கோவிந்தம்மா டீச்சர் காலையில் புலம்பியிருந்தார். அப்படியானால் நூறு பிள்ளைகள் ஏன் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள்?

எட்டிப் பார்த்தான். முக்காடு போட்ட ஒரு பெண், பிள்ளைகளுக்கு நடுவே பாயில் உட்கார்ந்திருந்தாள். மடியில் பச்சைத் துணி. அதன்மேல் ஒரு கனமான புத்தகம். வலமிருந்து இடமாக ஓடும் எழுத்து... அவன் சின்ன வயதில் பள்ளிவாசல் மதரசாவில் எழுத்துக் கூட்டி ஓதிய அதே எழுத்து. அதில் விரலை வைத்துக்கொண்டு அவள் சொல்லிக்கொண்டிருந்தது, ஒரு நண்டின் கதை.

அவனுக்குச் சுரீரென்றது. அவன் வீட்டில் அந்த எழுத்துள்ள ஒரு துண்டுக் காகிதம் தரையில் கிடந்தால்கூட எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள்.

“இன்னாங்க இது?” என்றான், எல்லோருக்கும் கேட்கும்படி. “ஓதற கிதாபை மடியிலே வெச்சிக்கினு நண்டுக் கதையா சொல்றீங்க? அல்லாவுக்குப் பயப்பட வேணாம்?”

அவள் நிமிர்ந்தாள். அப்போதுதான் கண்களைப் பார்த்தான். அகலமான கண்கள். மழைக்கு முன்னால் ஏரித் தண்ணீர் இருக்குமே, அந்தக் கறுப்பு. அழவில்லை. அழுதிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“படிச்சுப் பாத்துட்டுப் பேசுங்க,” என்றாள் மெதுவாக.

அந்த நொடியில் வானம் கிழிந்தது. ஓலை இடுக்கெல்லாம் ஒழுகியது. பிள்ளைகள் நாலு பக்கமும் ஓட, பெண்கள் பக்கத்திலிருந்து ஓர் அம்மாள் வந்து அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். சாரலுக்குள் அந்த முக்காடு ஒரு தரம் திரும்பியது... அவனைப் பார்க்க அல்ல. பாயில் விட்டுவிட்ட புத்தகத்தைப் பார்க்க.

ஹனீப் அதைப் பச்சைத் துணியோடு சுருட்டிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு நனைந்தபடியே கடைக்கு ஓடினான்.

ஒவ்வொரு தாளுக்கும் நடுவே மை ஒற்றும் காகிதம் வைத்துக் காயப்போட்டான். அப்போதுதான் தெரிந்தது, அது அச்சடித்ததல்ல. பேனா மை. அவனுக்குத் தெரிந்த எழுத்துகளுக்கு நடுவே சில, கூடுதல் புள்ளிகளோடு. அரபியில் இல்லாத ஒலிகளுக்காக வைத்த புள்ளிகள்.

வாய்விட்டு எழுத்துக் கூட்டினான். நாக்கு ஓதும் தோரணையில்தான் போனது. ஆனால் காதில் விழுந்தது... ‘ஏரிக்கரையில் ஒரு நண்டு இருந்தது.’

தமிழ்.

கேள்விப்பட்டிருக்கிறான். பழவேற்காட்டுப் பக்கம் பெண்கள் தமிழை அரபு எழுத்தில் எழுதுவார்கள், கடிதம்கூட அதில்தான் என்று. பார்த்ததில்லை. மதரசாவில் கற்ற எழுத்தும் பள்ளிக்கூடத்தில் கற்ற தமிழும் அவனுக்குள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டதே இல்லை. நூறு பிள்ளைகளுக்கு முன்னால் யாருக்கு எதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம் என்று நினைத்தான். காது சுட்டது. பேட்ஜைக் கழற்றி மேஜை இழுப்பறைக்குள் போட்டான்.

பிறகு மேலே படித்தான். அந்த நண்டுக்கு ஏரியின் அக்கரையில் இருக்கும் விளக்குக் கோபுரத்தைப் பக்கத்தில் போய்ப் பார்க்க ஆசை. ஒரு பூநாரை கேலி செய்கிறது, பக்கவாட்டில் நடக்கிறவளுக்கு அக்கரை எதற்கு என்று. நண்டு கேட்காமல் நடக்கிறது. பாதி ஏரியில் பூநாரைக்கே மனசு கேட்காமல், என் முதுகில் ஏறிக்கொள் என்கிறது. அங்கே பதினெட்டாம் பக்கம் முடிந்துவிட்டது. மிச்சமெல்லாம் வெற்றுத்தாள்.

‘அந்தப் பூநாரை நான்தான்,’ என்று அவனுக்குத் தோன்றியது. அந்தப் பொருத்தம் அவனுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் சரியாக இருந்தது.

---

மணவாள நகரில், மாமா வீட்டு உள்ளறையில், மெஹர்னிசாவும் அந்தப் பதினெட்டாம் பக்கத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

பழவேற்காட்டில் இறால் வியாபாரம் செய்யும் பக்கீர் முகம்மதுவின் மகள். வயது பத்தொன்பது. விழாவுக்கு மூன்றே நாள்தான் வாப்பா அனுமதி கொடுத்திருந்தார்; நாலாம் நாள் காலை பஸ். அந்தக் கதையை அவள் அதுவரை யாருக்கும் படித்துக் காட்டியதில்லை; வாத்தியார் வராத பந்தலில் பிள்ளைகள் சும்மா உட்கார்ந்திருந்ததைப் பார்த்துத்தான் எடுத்துப் பிரித்தாள். பாதிக் கதையிலேயே கோவிந்தம்மா டீச்சர் வந்து காதோடு சொல்லியிருந்தார், மூணாம் நாள் சாயங்காலம் நீதான் முடிச்சு வைக்கணும், மைக்கில், ஊரே கேட்கும் என்று. அப்போது நெஞ்சு எப்படி அடித்துக்கொண்டது... அதற்கப்புறம்தான் அந்த ஆள் வந்தான்.

உம்மா பீவி ஜான் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். இனி அந்த மைதானத்துப் பக்கம் போகக் கூடாது. பத்துப் பேர் நடுவில் தன் மகளை ஒருவன் அல்லாவுக்குப் பயமில்லாதவள் என்று சொல்லிவிட்டான். இந்தப் பேச்சு அவளுக்கு முன்னால் ஊர் போய்ச் சேரும்.

மெஹர்னிசா எதிர்த்துப் பேசவில்லை. ‘நனைஞ்சிருக்கும். மை கலைஞ்சிருக்கும்,’ என்று மட்டும் நினைத்தாள். அதன் நடுவே சம்பந்தமில்லாமல் ஒன்று. பேசிவிட்டு அந்த ஆள் முகத்தில் ஒரு நொடி வந்துபோனதே ஒரு குழப்பம்... தப்புப் பண்ணிவிட்டோமோ என்று ஒரு சின்னப் பையன் விழிப்பதைப் போல. சே, அது எதுக்கு இப்போ?

---

இரண்டாம் நாள் கதைப் பந்தலுக்கு வேறொருவர் வந்து கதை சொன்னார். பிள்ளைகள் நண்டு அக்கா எங்கே, நண்டு அக்கா எங்கே என்று கேட்டுப் படுத்தியெடுத்தார்கள். மத்தியானம் ஹனீப், டீச்சரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு மணவாள நகர் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

அந்நிய ஆண். அதனால் பேச்சு வாசல் திரைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். டீச்சருக்கு நாற்காலி போட்டார்கள். அவனுக்குப் போடவில்லை. நியாயம்தான் என்று நின்றான். தப்புத் தன்னுடையது, கிதாபைப் பத்திரமாகக் கொண்டுவந்திருக்கிறேன் என்று சொல்லித் திரையோரம் நீட்டினான். யாரும் வாங்கவில்லை.

“ஏம்பா,” என்றாள் பீவி ஜான் உள்ளேயிருந்து. “பந்தல்லே நின்னு பேசிட்டு, எங்க ஊட்டுக்குள்ளே வந்து மன்னிப்பா? எங்கே சொன்னியோ அங்கே எடுத்துக்கோ. கிதாபையும் அங்கேயே குடு.”

“குடுக்கறேன்மா. நாளைக்கு அவங்களை இட்டுக்கினு வருவீங்களா?”

திரை அசைந்தது. இன்னொரு குரல் வந்தது, மெல்லிசாக.

“மை கலைஞ்சிடுச்சா?”

ஹனீப் திரைக்கு ஓரடி கிட்டே வந்தான். “மூணாம் பக்கத்துலே மட்டும் கொஞ்சம். பதினெட்டு வரைக்கும் படிச்சிட்டேன்.”

“உங்களுக்குத்தான் படிக்கத் தெரியாதே...”

“எழுத்துக் கூட்டினேன். ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம் ஆச்சு.”

உள்ளே சிரிப்பு மாதிரி ஒன்று கேட்டது. உடனே வளையல் சத்தத்தில் மறைந்துவிட்டது. யாரோ யாரையோ கிள்ளியிருக்க வேண்டும்.

“நண்டு முதுகுலே ஏறிச்சா, இல்லையா?” என்றான். அவனுக்கே வெட்கமாக இருந்தது. ஆனால் தெரிந்தாக வேண்டும்.

“அது எனக்கே தெரியாது.”

அவ்வளவுதான். திரும்பி நடக்கும்போது டீச்சர் அவனைக் கடைக்கண்ணால் பார்த்தார். பேஜாரில் மாட்டிக்கினியேப்பா என்றார். அவன் மறுக்கவில்லை. மழைத் தூறல் முகத்தில் விழுந்தது. துடைக்கவும் தோன்றவில்லை.

---

மூன்றாம் நாள் சாயங்காலம், பெரிய பந்தலைவிடக் கதைப் பந்தலில் கூட்டம். பெண்கள் பக்கம் முதல் வரிசையில் பீவி ஜான் உட்கார்ந்திருந்தாள், முகத்தை இறுக்கிக்கொண்டு. பக்கத்தில் முக்காடு... அந்தக் கண்கள்.

ஹனீப் மைக்கின் முன்னால் போய் நின்றான்.

“முந்தா நாள் இதே எடத்துல நின்னு ஒருத்தரைத் தப்பாப் பேசிட்டேன். அவங்க வெச்சிருந்தது ஓதற கிதாபு இல்லே. அவங்களே எழுதின கதை. அந்த எழுத்துலே தமிழ் இருக்குதுன்னு தெரியாத ஆளு நான்தான். அவங்க மேலே ஒரு தப்பும் இல்லே. என்னை மன்னிச்சிடணும்.”

ஒரு பொடிசு, “நண்டு இன்னா ஆச்சு?” என்று கத்தியது. எல்லோரும் சிரித்தார்கள். பீவி ஜான் சிரிக்கவில்லை. ஆனால் மகளின் முழங்கையை லேசாகத் தள்ளினாள்.

பச்சைத் துணி சுற்றிய புத்தகத்தை அவன் இரண்டு கையாலும் நீட்டினான். அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். விரல் படவில்லை. பட்டதைவிட மோசமாக இருந்தது அது.

மெஹர்னிசா கதையை முதலிலிருந்து ஆரம்பித்தாள். நாலு வரி குரல் நடுங்கியது. ஐந்தாவது வரியில் நண்டு நடக்கத் தொடங்கியதும் குரலும் நடந்தது. பூநாரையின் கேலி வந்தபோது வேண்டுமென்றே நிறுத்தி, பந்தல் காலோடு ஒட்டி நின்ற ஹனீப்பைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். பாதி ஏரி வந்தது. பூநாரை முதுகைக் காட்டியது. பதினெட்டாம் பக்கம் முடிந்தது.

மிச்சத்தை வாயால் சொல்லிவிடலாமென்று யோசித்துக்கொண்டே தாளைத் திருப்பினாள்.

வெற்றுத்தாள் இல்லை.

கோணல் மாணலான அரபு எழுத்து. மதரசாவில் முதல் வருஷப் பிள்ளை எழுதுவது போல. கூடுதல் புள்ளிகளை மட்டும் ஒன்றுவிடாமல், அவள் வைக்கிற மாதிரியே வைத்திருந்தான். இந்தப் பந்தலில் உம்மாவைத் தவிர வேறு யாரும் படிக்க முடியாத தமிழ்.

‘பூநாரைக்குப் புத்தி வந்துவிட்டது. முதுகு வேண்டாமென்றால் பக்கத்தில் நடக்கும். நண்டு எவ்வளவு மெதுவாக நடந்தாலும் சரி. ஆயுசுக்கும் நடக்கும். சம்மதமா? ஹனீப்.’

கன்னம் சுட்டது. மைக்கில் அவள் மூச்சுச் சத்தம் ஊரெல்லாம் கேட்டது.

“அப்புறம் இன்னாக்கா ஆச்சு?” பிள்ளைகள் நச்சரித்தார்கள்.

‘இப்படியா கேக்கிறது... இத்தனை பேர் நடுவிலே, ஒருத்தருக்கும் கேட்காம...’ தலை நிமிராமல் புத்தகத்தைப் பார்த்தபடியே சொன்னாள். படிப்பதைப் போலத்தான் சொன்னாள்.

“நண்டு சொல்லிச்சாம்... முதுகெல்லாம் எனக்கு வேணாம், நானே நடப்பேன். நீ கூட வர்றதுன்னா வா. ஆனா, அதுக்கு முன்னே எங்க ஊட்டாண்ட வந்து எங்க வாப்பாவைக் கேளு. நாளைக்குக் காலையிலே நான் போயிடுவேன். தைரியம் இருந்தா பின்னாடியே வா... அப்படின்னுச்சாம்.”

“பூநாரை கேட்டுச்சா?”

அவள் நிமிர்ந்தாள். பந்தல் கால் பக்கம் பார்த்தாள். ஏரித் தண்ணீர்க் கறுப்புக்குள் எங்கேயோ ஒரு விளக்கு எரிந்தது.

“கேக்கும்,” என்றான் ஹனீப் அங்கிருந்தே, கொஞ்சம் சத்தமாக. “எங்க அத்தாவையும் இட்டுக்கினு வந்து கேக்கும்.”

பிள்ளைகள் கை தட்டினார்கள். அவர்களுக்குக் கதை முடிந்துவிட்டது. பீவி ஜான் மட்டும் அவனையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு பக்கத்திலிருந்த கோவிந்தம்மா டீச்சரிடம் குனிந்து, அந்தப் பையனின் கடை பஜாரில் எந்தப் பக்கம் என்று விசாரித்தாள்.