பங்கருக்கு மேலே ஓர் அறை

தரகர் சிமியோன் படலையைத் தள்ளித் திறந்தார். யசிந்தா வீட்டை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. நேரே கிணற்றடிக்குப் போய் ஒரு வாளி அள்ளி, கையில் ஏந்தி வாய் கொப்பளித்தாள்.

உப்பில்லை.

“வீடு பார்க்க வந்த ஆள் தண்ணி குடிச்சுக்கொண்டு நிக்கிறா,” என்று சிமியோன் சிரித்தார்.

“வாடகைக்கு வாற சனம் முதல்லை கேக்கிறது தண்ணியைத்தான் அண்ணை. சுவருக்குப் பெயின்ற் பூசலாம். தண்ணிக்கு என்னத்தைப் பூசுறது?”

யசிந்தா குருநகர்க்காரி. கணவன் யாகோப்பைக் கடல் கொண்டுபோன பிறகு, படகையும் எஞ்சினையும் விற்ற காசில் ஒரு சின்ன வீடு வாங்கி, திருத்தி, வாடகைக்கு விட்டு, நல்ல விலை வந்ததும் விற்றவள். அந்தக் காசு இந்த மானிப்பாய் வீட்டின் பாதி விலைக்குக் காணும். மீதியை வங்கி தரும். வங்கிக்கு ஈடு, அவள் குடியிருக்கும் குருநகர் வீடு.

ஒரு வாடகை கடன் கட்டக் காணாது. இரண்டு வந்தால் காணும். ஆகவே பின்வளவில் தனியாக ஓர் அறை கட்டவேண்டும். ஒரு பக்கம் கிணறு. மறுபக்கம் மலக்குழி. நடுவில் மிஞ்சியது ஒரே இடம். அங்கே உக்கிப்போன பனங்குற்றிகளும் சரிந்த மண்மூட்டைகளுமாக சண்டைக் காலத்துப் பதுங்குகுழி, ஒரு பழைய பங்கர், வாயைத் திறந்து கிடந்தது.

குனிந்து பார்த்தாள். உள்ளே குளிர்ந்த இருட்டு. ஒரு காலத்தில், குருநகரில், அவளும் இப்படி ஒன்றுக்குள் தாயின் மடியில் முகம் புதைத்துக் கிடந்தவள்தான்.

“உது இல்லாத வளவு எங்கை இருந்தது,” என்றாள். “ரெண்டு லோட் கல்லும் மண்ணும் போட்டால் நிரம்பியிடும்.”

வீட்டுக்காரர் கனடாவில். அவர்களுக்காகக் கையெழுத்துப் போடும் அற்றோணிக்காரர் வந்து காணி உறுதி முடித்துக் கொடுத்தார். பங்கரைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதை நிரப்பி, மேலே சீமெந்து நிலம் போட்டு, பின்னறை எழும்பியது.

முன்வீட்டுக்கு வங்கியில் வேலைசெய்யும் இரண்டு இளைஞர்கள் வந்தார்கள். பகலில் வீட்டில் இருக்கமாட்டார்கள். பின்னறைக்கு உதயகலா வந்தாள். ஆசுபத்திரியில் தாதி. கணவன் கட்டாரில். ஆறு வயது மகள் கிருஷிகா. இரண்டு வாடகையும் ஒழுங்காக வர, யசிந்தா நிம்மதியாகத் தூங்கினாள்.

அந்த நிம்மதி உதயகலாவின் தொலைபேசி அழைப்போடு போயிற்று.

“அக்கா, ஒருக்கா வாங்கோ. அந்தச் சென்னைப் பிளேன் வாற நேரம் வந்து நில்லுங்கோ.”

அவ்வளவோடு வைத்துவிட்டாள்.

யசிந்தா போனாள். வெயில் சுட்டெரித்தது. அறைக்குள் உதயகலா கட்டில் விளிம்பில் இருந்தாள். பிள்ளை நிலத்தில் படம் கீறிக்கொண்டிருந்தது. பலாலியில் இறங்க வளைந்து வரும் விமானம் தெற்கே எங்கேயோ முனகத் தொடங்கியது.

முதலில் மணம் வந்தது. புதுச் சீமெந்து மணத்தைத் தள்ளிக்கொண்டு, ஈர மண்ணும் மண்ணெண்ணெய் விளக்கும்.

பிறகு காலடிகள்.

முன்வீட்டிலிருந்து, முற்றத்தின் குறுக்கே, வெறுங்காலோடு பிள்ளைகள் ஓடிவரும் சத்தம். முற்றத்தில் யாரும் இல்லை. சத்தம் அறை வாசலைத் தாண்டி உள்ளே வந்து, நடுநிலத்தில் நின்றது.

கீழே போக வழியில்லை.

சீமெந்து நிலத்தில் சின்னக் கைகள் தட்டின. தட்டித் தட்டி, பிறகு பிறாண்டின.

“பிள்ளையைப் பாருங்கோ,” என்று உதயகலா கிசுகிசுத்தாள்.

கிருஷிகா மூலைக்குள் குந்தியிருந்தாள். முழங்காலுக்குள் தலை. இரண்டு காதிலும் விரல். வாய் மட்டும் அகலத் திறந்து.

யசிந்தாவுக்கு அந்த இருப்பைத் தெரியும். குண்டு விழும்போது செவிப்பறை வெடிக்காமல் இருக்க, அந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பழக்கிய இருப்பு அது. இந்தப் பிள்ளை பிறக்கும்போது சண்டை முடிந்து எத்தனையோ வருடம்.

விமானம் போனது. சத்தமும் அடங்கியது.

“ஆர் குஞ்சு இப்பிடி இருக்கச் சொன்னது?”

“சுகிர்தாக்கா,” என்று பிள்ளை சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் படத்தை எடுத்துக்கொண்டது.

பக்கத்து வளவுக் கிழவர் நமசிவாயத்திடம் யசிந்தா அந்தப் பெயரைச் சொன்னதும், அவர் மண்வெட்டியை வைத்துவிட்டு வேலியோடு சாய்ந்து நின்றார். சுகிர்தா, கனடாவில் இருக்கும் வீட்டுக்காரரின் மூத்த பிள்ளை. பதினொரு வயது. விமானச் சத்தம் கேட்டால் தம்பிமாரையும் அயல் பிள்ளைகளையும் அவள்தான் இழுத்துக்கொண்டு வந்து பங்கருக்குள் இறக்குவாளாம். குண்டு போட்ட அன்றைக்கும் இறக்கினாள். உள்ளே எண்ணிப் பார்த்தாள். ஒரு ஆள் குறைந்தது. திரும்ப வெளியில் ஓடினாள். குண்டு முற்றத்தில் விழுந்தது. அவள் அங்கேயே முடிந்தாள். பங்கருக்குள் இருந்த ஒருவருக்கும் ஒன்றுமில்லை.

“குறைஞ்சது ஆர் ஐயா?”

கிழவர் வேலியில் காய்ந்த ஓர் ஓலையைக் கிள்ளினார்.

“என்ரை மகள். அவள் எங்கடை பங்கருக்கை இருந்தவள். அந்தப் பிள்ளைக்கு அது தெரியாது.”

யசிந்தா சுவாமியாரைக் கூட்டிவந்து தீர்த்தம் தெளிப்பித்தாள். உதயகலாவிடம் வாடகையைக் குறைக்கிறேன் என்றாள், பொறுத்துக்கொள் என்று கெஞ்சினாள். சுகிர்தா ஒருவருக்கும் தீங்கு நினைக்காத பிள்ளை என்றும் சொன்னாள். அது உண்மைதான்.

உண்மை என்பதால்தான் அது நடந்தது.

அடுத்த கிழமை யசிந்தா வாடகைக்கு வந்து படலையைத் திறந்தபோது, விமானம் தலைக்குமேல் போய்க்கொண்டிருந்தது. உதயகலா பிள்ளையின் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டு வீட்டைச் சுற்றி ஓடினாள். யசிந்தாவின் கண் தற்செயலாகக் கிணற்றுக்குப் போனது.

கட்டுக்கு மேலே பிள்ளையின் தலைமயிர் மட்டும் தெரிந்தது.

கிணற்றின் உட்பக்கம், கல் நீட்டி நின்ற விளிம்பில் பாதம் வைத்து, ஒரு கையால் கட்டைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையைக் கீழே நீட்டியபடி நின்றாள் கிருஷிகா. யாரோ கீழிருந்து பிடித்திருந்த மாதிரி அந்தக் கை விறைத்து நீண்டிருந்தது.

யசிந்தா தூக்கி எடுத்தபோது பிள்ளை அழவில்லை. காதுக்குள் சொன்னது:

“பங்கரை ஆரோ பூட்டிப்போட்டினமாம். இதுக்குள்ளை இறங்கினாலும் குண்டு படாதாம்.”

அன்று பின்னேரமே உதயகலா சாமான் ஏற்றினாள். ஏச்சுமில்லை, பேச்சுமில்லை. முற்பணத்தைக்கூடக் கேட்கவில்லை. அதுதான் யசிந்தாவுக்கு அதிகம் வலித்தது.

மறுநாள் சிமியோன் தொலைபேசியில் அழைத்தார். வேறொரு குடும்பம் கைவசம் இருக்கிறதாம். முற்பணம் உடனே தருவார்களாம். நல்ல சனமாம்.

“பிள்ளையள் இருக்கினமோ?”

“ரெண்டு. ஏன் கேக்கிறாய், வாலுகளோ எண்டு பயமோ?”

பிறகு சொல்கிறேன் என்று யசிந்தா தொலைபேசியை வைத்தாள். வாயைத் திறக்காமல் சாவியைக் கொடுத்தால் குருநகர் வீடு தப்பும். யாருக்கும் ஒன்றும் தெரியவராது. இரவு முழுவதும் அந்த நீண்ட கை கண்ணுக்குள் நின்றது.

விடிந்ததும் சிமியோனுக்கு அழைத்து, அறை இல்லை என்றாள்.

கூலிக்கு ஆட்களைப் பிடித்து அறையின் நிலத்தை உடைப்பித்தாள். போட்ட கல்லையும் மண்ணையும் அள்ளி வெளியில் கொட்டினார்கள். “சமாதான காலத்திலை பங்கர் வெட்டுற முதல் ஆள் நீங்கள்தான் அக்கா,” என்று ஒருவன் பகிடிவிட்டான். இரைச்சலும் புழுதியும் தாங்காமல் முன்வீட்டு இளைஞர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். வங்கி பொறுக்காது, கொஞ்சமாவது கட்டவேண்டும். ஆகவே யசிந்தா குருநகர் வீட்டை வாடகைக்குக் கொடுத்துவிட்டு, ஒரு பெட்டியோடு மானிப்பாய்க்கு வந்தாள். கடல் இரைச்சல் கேட்காத வீட்டில் அவள் படுத்தது அதுவே முதல் தடவை.

மறுநாள் விமானம் முனகியபோது, உடைந்த நிலத்தின் வழியாக இறங்கி, மண்சுவரோடு சாய்ந்து குந்தினாள். அறையின் கதவும் யன்னலும் பூட்டியிருந்தன. இருட்டு.

காலடிகள் வந்தன, அன்றைய ஓட்டம் அப்படியே திரும்பி வந்ததுபோல.

ஒன்று. இன்னொன்று. இறங்கி, நெருக்கி, அவளைச் சுற்றி இருந்துகொண்டன. சின்னச் சின்ன மூச்சுகள். யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

பிறகு ஒரு சோடிக் கால்கள் மட்டும் மேலே ஏறின. வெளியே ஓடத் திரும்பின.

யசிந்தா மேலே பார்த்துக் கூப்பிட்டாள்.

“சுகிர்தா. நமசிவாயத்தின்ரை மகள் தங்கடை பங்கருக்கை இருக்கிறாள். ஒருத்தரும் வெளியிலை இல்லை. நீ வா அம்மா.”

கால்கள் வாசலில் நின்றன.

விமானம் கூரைக்குமேல் இரைந்தது. மண் மெல்லச் சரிந்தது. ஒரு பாரம் இறங்கிவந்து அவள் பக்கத்தில் ஒட்டி இருந்தது. நடுங்கிக்கொண்டிருந்தது.

இரைச்சல் தேய்ந்தது. ஓய்ந்தது. மூச்சுகள் ஒவ்வொன்றாகக் கரைந்து, கடைசியில் மேலே குருவிச் சத்தம் மட்டும் கேட்டது.

யசிந்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பப் பார்த்தாள்.

எழும்ப முடியவில்லை.

சட்டை நுனியைப் பக்கத்திலிருந்து ஒரு சின்னக் கை இறுகப் பிடித்திருந்தது.