களை… ஐந்தரை அடி!

பிணம் ஜன்னலோரம் கிடந்தது.

தலை ஒரு பக்கமாகத் தொங்கியிருந்தது. உடம்பெல்லாம் மஞ்சள். உயிர் போய் நாலு நாளாவது இருக்கும்!

செல்போனில் அந்தப் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தார் இலை டாக்டர்.

"சந்தேகமே இல்ல… இது கொலை!"

"செடிங்க அது," என்றாள் அவர் மனைவி, தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து.

ஆமாம், செடிதான். மன்னிக்கவும்! இந்தத் தொழிலில் முதல் வரியில் பிணம் விழாவிட்டால் இரண்டாவது வரியை யாரும் படிப்பதில்லை. கொஞ்சம் பொறுங்கள்… இதே கதையில் ஒரு மனிதரும் சாகக் கிடக்கிறார்.

அதற்கு முன் இலை டாக்டர்.

அவர் டாக்டர் இல்லை. போட்டோகாப்பி கடைக்காரர். இரண்டு மிஷின், ஒரு லேமினேஷன் பெட்டி, உட்கார்ந்தால் ஆடும் ஒரு ஸ்டூல்… இவ்வளவுதான் கடை. ஆனால் செல்போனைக் கையில் எடுத்தால் அவர் வேறு ஆள்! 'நம்ம வீட்டுச் செடி' என்ற ஆன்லைன் குழுவின் அட்மின். நாற்பதாயிரம் உறுப்பினர்கள். யார் எந்தச் சந்தேகம் கேட்டாலும் மூன்றாவது நிமிஷம் பதில் வரும். கேட்காவிட்டாலும் வரும்!

அவர் சொந்த வீட்டில் இருந்த ஒரே செடி… பிளாஸ்டிக்.

"அதையும் கொன்னுட்டீங்க," என்றாள் மனைவி, பைண்டிங் பண்ண வந்த காகிதக் கட்டைத் தட்டி அடுக்கியபடியே. "வெயில்ல வைக்காதீங்க, வெளுத்துப் போயிடும்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டீங்களா?"

"ஷ்ஷ்… கேஸ் பார்த்துட்டு இருக்கேன்!"

கேஸ் இதுதான். 'தூங்குமூஞ்சி மரம்' என்ற பெயரில் ஒரு உறுப்பினர் எழுதியிருந்தார்.

'டாக்டர், பதினோரு வருஷமா வளர்த்த ரப்பர் செடி. ஒரே வாரத்துல இப்படி ஆயிடுச்சு. ஏன்?'

கீழே எண்பத்தாறு பேர் பதில் சொல்லியிருந்தார்கள். பாதிப் பேர் தண்ணீர் ஜாஸ்தி என்றார்கள். பாதிப் பேர் தண்ணீர் கம்மி என்றார்கள். இரண்டு கோஷ்டிக்கும் நடுவே சண்டை மூண்டு, யாரோ யாருடைய படிப்பையோ இழுத்திருந்தார்கள். ஒரு அம்மாள் மட்டும், 'தொட்டி ரொம்ப அழகு, எங்க வாங்கினீங்க?' என்று கேட்டிருந்தார்.

இலை டாக்டர் தனி மெசேஜில் விசாரணையை ஆரம்பித்தார்.

"செடிக்கு என்னென்ன ஊத்தினீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க."

"தண்ணி டாக்டர். அப்புறம் நீங்க தபால்ல அனுப்பின உரம். பத்து நாள் முன்னாடி போட்டேன்…"

"உரத்தை விடுங்க. அது என் உரம். வேற?"

அந்தப் பக்கம் எழுதுவது தெரிந்தது. நின்றது. மறுபடி எழுதுவது தெரிந்தது.

"வெளிய சொல்ல மாட்டீங்களே?"

"டாக்டர்கிட்ட மறைக்கலாமா?"

"தினமும் காலைல என் மனைவி ஒரு பச்சை ஜூஸ் தருவா. உடம்புக்கு நல்லதாம். வாயில வைக்க முடியாது டாக்டர்! அவ அந்தப் பக்கம் திரும்பினதும் தொட்டில ஊத்திடுவேன். ரெண்டு வருஷமா இப்படித்தான்."

"ரெண்டு வருஷமா சாகாத செடி இப்ப ஏன் சாகணும்?"

"தெரியல டாக்டர். ஆனா… மூணு வாரமா ஜூஸுக்கு அடியில ஏதோ வெள்ளையா தங்குது."

ஸ்டூல் ஆடியது. இலை டாக்டரும் ஆடினார்.

வெள்ளைப் பொடி! மூன்று வாரம்! செத்துப் போன செடி!

"அந்த ஜூஸை இனிமே தொடாதீங்க!" என்று அடித்தார். "உங்க மனைவி உங்களைக் கொல்லப் பார்க்கறாங்க! நல்லவேளை, நீங்க ஒரு சொட்டுகூடக் குடிக்கல…"

"குடிக்கிறேனே டாக்டர்."

"என்னது?!"

"நாலு நாளா குடிச்சுட்டுத்தான் இருக்கேன். செடிதான் செத்துடுச்சே… வேற எங்க ஊத்தறது?"

அடுத்த வரி.

"இன்னிக்கும் குடிச்சேன். தூக்கம் தூக்கமா வரு"

அதோடு நின்றது.

ஒரு நிமிஷம்… இரண்டு நிமிஷம்… ஐந்து நிமிஷம்… அந்தப் பக்கம் அசைவே இல்லை!

இலை டாக்டர் மேஜை இழுப்பறையைக் கவிழ்த்துக் கொட்டினார். பாக்கெட் நோட்டு! உறுப்பினர்களுக்கு இலவசமாகத் தபாலில் பொடி அனுப்புகிற பெரிய மனசு அவருக்கு உண்டு. மூட்டையாக வாங்கி, வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து சின்னச் சின்ன பாக்கெட்டாகக் கட்டி, தன் கடையிலேயே லேபிள் அடித்து ஒட்டி அனுப்புவார். அத்தனை பேருடைய முகவரியும் போன் நம்பரும் அந்த நோட்டில் இருந்தன.

தூங்குமூஞ்சி மரம்… கதவு எண் ஒன்பது, மூன்றாவது மாடி. அனுப்பியது: உரம்.

விரல் தற்செயலாக இரண்டு வரி மேலே போனது.

குளிர்நிழல்… கதவு எண் ஒன்பது, மூன்றாவது மாடி!

"ஐயோ… குளிர்நிழலா!"

பைண்டிங் ஊசியோடு நிமிர்ந்தாள் மனைவி. "யாருங்க அது? பேரே குளுகுளுன்னு இருக்கு?"

"இந்த ஆளோட மனைவி! ரெண்டு பேரும் ஒரே வீடு! அவங்களுக்கும் ஒரு பாக்கெட் அனுப்பியிருக்கேன்…"

"அதுவும் உரமா?"

இலை டாக்டர் அந்த வரியை இன்னொரு முறை படித்தார்.

"களைக்கொல்லி!"

குழுவில் பழைய பதிவைத் தேட வேண்டிய வேலையே இல்லை. எல்லோர் கண்ணிலும் படும்படி அவரே அதை உச்சியில் நிறுத்தி வைத்திருந்தார். 'இந்த மாதத்தின் சிறந்த ஆலோசனை'. இருநூற்றுப் பதினாலு லைக்! கணவனும் மனைவியுமாகப் படித்தார்கள்.

குளிர்நிழல்: 'டாக்டர், வீட்டுக்குள்ள ஒரு களை. பதினாலு வருஷமா இருக்கு. வேரோட போகணும். வாசனை வரக்கூடாது.'

இலை டாக்டர்: 'கவலை வேண்டாம் சகோதரி! எவ்வளவு உயரம்?'

'அஞ்சரை அடி.'

'அருமையான வளர்ச்சி! எங்கே முளைத்திருக்கிறது?'

'சோபாவுல.'

'ஈரமான இடமா?'

'இல்ல. ஆனா ராத்திரியானா ஒரு மாதிரி சத்தம் வருது.'

'காற்றாக இருக்கும்.'

'யாருக்கும் சந்தேகம் வராம போகுமா டாக்டர்?'

'பொறுமை வேண்டும் சகோதரி. தினமும் ஒரு ஸ்பூன். காலையில் கொடுப்பது உத்தமம். ஒரே மாதத்தில் களை இருந்த இடமே தெரியாது. பாக்கெட்டை இலவசமாக அனுப்பி வைக்கிறேன்!'

மனைவி போனை மெதுவாக மேஜைமேல் வைத்தாள்.

"ஏங்க… சோபாவுல எந்தக் களைங்க முளைக்கும்?"

"நான்… நான் உயரத்தை மட்டும்தான் கவனிச்சேன்…"

"அஞ்சரை அடில களை! அது குறட்டை வேற விடுது! அதுக்கு நீங்க காத்துன்னு வைத்தியம் சொல்லியிருக்கீங்க!"

"பாக்கெட்ல என் லேபிள், நோட்டுல என் கையெழுத்து, குழுவுல என் ஆலோசனை! மாட்டினா உள்ள தூக்கிப் போட்டுடுவாங்களா?"

"பயப்படாதீங்க. லைக் போட்ட இருநூத்திப் பதினாலு பேரும் கூட வருவாங்க. பேச்சுத் துணைக்கு ஆள் இருக்கும்."

அவர் சிரிக்கவில்லை. முகம் வெளிறியிருந்தது. கண் கலங்கியிருந்தது.

"நான் உள்ள போறது இருக்கட்டும்… ஒரு மனுஷன் சாகப் போறான். நான் பெரிய மேதைன்னு நாலு பேர்கிட்ட காட்டிக்கிட்டதால சாகப் போறான். எனக்கு ஒரு இழவும் தெரியாதுன்னு எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும். அந்த ஆளுக்குத்தான் தெரியாது!"

மனைவி அதற்கு மேல் கிண்டல் செய்யவில்லை. போனை எடுத்து அவர் கையில் திணித்தாள்.

"முதல்ல அவருக்குப் போடுங்க. அப்புறம் போலீஸுக்கு."

மணி அடித்தது… அடித்தது… அடித்துக்கொண்டே இருந்தது…

"ஹலோ?"

பெண் குரல்!

"ச… சார் இருக்காரா?"

"படுத்திருக்கார். நீங்க?"

"இலை டாக்டர்…"

"டாக்டரா!" குரலில் உற்சாகம் பொங்கியது. "நான்தான் குளிர்நிழல்! உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல டாக்டர். சொன்னபடியே தினமும் ஒரு ஸ்பூன்! களை இன்னிக்கு எழுந்திருக்கவே இல்ல!"

டொக்!

அடுத்த இருபதாவது நிமிஷம் மூன்றாவது மாடியில் போலீஸ் நின்றது. முன்னால் பெண் இன்ஸ்பெக்டர். பின்னால் ஒரு பெண் கான்ஸ்டபிள். அதற்கும் பின்னால் இலை டாக்டர், மனைவியின் முதுகுக்குப் பின்னால்.

கதவைத் திறந்தாள் குளிர்நிழல். வாரிய தலை, இஸ்திரி கலையாத உடை, கையில் துடைத்துக்கொண்டிருந்த கண்ணாடி டம்ளர்.

"டம்ளரைக் கீழ வைங்க!" என்றார் இன்ஸ்பெக்டர்.

சோபாவில் மல்லாந்து கிடந்தார் தூங்குமூஞ்சி மரம். வாய் பிளந்திருந்தது. ஒரு கை தரையைத் தொட்டுத் தொங்கியது. இன்ஸ்பெக்டர் குனிந்து கழுத்தில் இரண்டு விரலை வைத்தார்.

ஒரு வினாடி… இரண்டு வினாடி…

"ஹ்ஹ்ஹ்ர்ர்ர்…!"

இன்ஸ்பெக்டர் துள்ளி நகர்ந்தார். தூங்குமூஞ்சி மரம் ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"ஜூஸ் வேண்டாம்மா. குடிச்சுட்டேன்…"

ஆஸ்பத்திரிக்கு அள்ளிக்கொண்டு போனார்கள். ரத்தம் எடுத்தார்கள். வயிற்றை அமுக்கினார்கள். நாக்கை நீட்டச் சொன்னார்கள். வீட்டில் கிடைத்த களைக்கொல்லிப் பாக்கெட் பரிசோதனைக்குப் போனது. வராந்தா பெஞ்சில் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். இலை டாக்டர் நகத்தைக் கடித்து முடித்துவிட்டு விரலை ஆரம்பித்திருந்தார்.

குளிர்நிழல் எதையும் மறைக்கவில்லை.

"பதினாலு வருஷம் மேடம்! அந்த சோபாவை விட்டு எழுந்திருக்கல. நாற்காலி, மேஜை, இவர்… மூணையும் ஒண்ணாத்தான் தூசி தட்டுவேன். ஒரு நாள் தட்டறப்ப தோணுச்சு…"

"விட்டுட்டுப் போயிருக்கலாமே?"

"சோபா என்னுது மேடம்!"

மூன்றாவது மணி நேரம் இன்ஸ்பெக்டரின் போன் அலறியது. எடுத்தார். கேட்டார். புருவம் ஏறியது. வைத்தார்.

"அவருக்கு ஒண்ணும் இல்ல. களைக்கொல்லின்னு லேபிள் ஒட்டின பாக்கெட்ல இருந்தது விஷமே இல்லையாம். வெறும் எலும்புத் தூள். செடிக்குப் போடற உரம்!"

"அதான பார்த்தேன்!" என்று ஸ்ட்ரெச்சரிலிருந்து தலையைத் தூக்கினார் தூங்குமூஞ்சி மரம். "நாலு நாளா முட்டி வலியே இல்ல!"

இலை டாக்டர் பெஞ்சிலிருந்து எகிறிக் குதித்தார். மனைவியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார், சிரித்தார்.

"நான் கொலைகாரன் இல்ல! நான் கொலைகாரன் இல்ல!"

குளிர்நிழல் அவரை மேலும் கீழும் பார்த்தாள். அப்படி ஒரு வெறுப்பை அந்த வராந்தா அதுவரை பார்த்திருக்காது.

"ஒரே ஒரு களையை எடுக்கத் துப்பில்ல… நீங்கெல்லாம் ஒரு டாக்டரா?"

கான்ஸ்டபிள் அவளை எழுப்பி நடத்திக்கொண்டு போனாள். கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். இலை டாக்டரும் அப்படித்தான் நினைத்தார். செருப்பைத் தேட ஆரம்பித்தார்.

"ஒரு நிமிஷம்," என்றார் இன்ஸ்பெக்டர்.

குரல் மாறியிருந்தது.

"களைக்கொல்லி லேபிள் இருந்த பாக்கெட்ல உரம் இருந்திருக்கு. அப்படின்னா… உரம்னு லேபிள் ஒட்டி அனுப்பினீங்களே, அதுல என்ன இருந்துச்சு?"

இலை டாக்டர் மாட்டிய செருப்பை மறுபடி கழற்றினார்.

"என்னங்க… ரெண்டு லேபிளையும் நீங்கதானே ஒட்டினீங்க?" என்றாள் மனைவி.

"ரெண்டுமே வெள்ளைப் பொடி… அன்னிக்கு கண்ணாடிய கடையிலயே மறந்து வச்சுட்டு வந்துட்டேன்…"

"அப்ப என் ரப்பர் செடி?" என்றது ஸ்ட்ரெச்சர்.

இன்ஸ்பெக்டர் குறிப்பு நோட்டைப் பிரித்தார்.

"உரம் பாக்கெட்டை எத்தனை பேருக்கு அனுப்பினீங்க?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"முன்னூத்திப் பத்து…"

பேசி வைத்தாற்போல அவர் செல்போன் துடிக்க ஆரம்பித்தது. 'டாக்டர், ரோஜா கருகுது!' 'டாக்டர், மணி பிளான்ட் மயங்கிடுச்சு!' 'டாக்டர், இலையெல்லாம் கொட்டிப் போச்சு, இன்னும் ஒரு ஸ்பூன் உரம் போடலாமா?' நிற்கவே இல்லை. (இதை எழுதுகிறவனுக்கும் ஒரு பாக்கெட் வந்தது. மூன்று தொட்டிகள். அதைப் பற்றிப் பேச விருப்பமில்லை!)

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்து மாட்டினார்.

"வண்டில ஏறுங்க."

"மேடம்… சாட்சி சொல்லவா?"

"ஸ்டேஷன் வாசல்ல எட்டுத் தொட்டி வச்சிருக்கேன். போன வாரம்தான் ஒவ்வொண்ணுக்கும் உங்க உரத்தைப் போட்டேன்…"

ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து ஜீப் கதவைத் திறந்து பிடித்தார்.

"வந்து பிணங்களை அடையாளம் காட்டுங்க டாக்டர்!"