குலுங்காத வண்டி

சாவியைத் திருப்பி என்ஜினை நிறுத்திய பிறகும் வண்டி அடங்கவில்லை. பழைய வண்டிகள் நிற்கும்போது ஒருமுறை உதறிவிட்டு ஓய்ந்துபோகும், அது சுகரா பேகத்துக்குத் தெரியும். இது அப்படி இல்லை. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த உள்ளங்கைக்குள் மெதுவாக, சீராக, தூங்குகிறவரின் முதுகில் கை வைத்தால் தெரிவதுபோல ஓர் ஏற்றமும் இறக்கமும் இருந்தது. கையை எடுத்தாள். மறுபடி வைத்தாள். இன்னும் இருந்தது.

பக்கத்து இருக்கையைப் பின்னால் சாய்த்துப் படுத்திருந்த மகள் மஹீன் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

"பள்ளிகொண்டா தாண்டினதே தெரியல அம்மி. குலுங்கவே இல்ல."

அதற்காகத்தான் இத்தனை பாடும். ஸ்கூட்டரிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, பிளேட் வைத்துத் தைத்த பெண். ஒரு பெரிய குலுக்கல் போதும், பிளேட் நகர்ந்துவிடும், நகர்ந்தால் மறுபடி நடப்பது சந்தேகம் என்று வேலூர் டாக்டர் சொல்லியிருந்தார். பயிற்சிக்கு வாராவாரம் அதே வேலூருக்கு வரவும் சொன்னார். பஸ்ஸில் ஏற்ற முடியாது. மிச்சம் இருந்தது புருஷன் வாஹித் பாஷா விட்டுப்போன இந்தக் கார்தான், பச்சை நிறம் வெளுத்து, பள்ளம் கண்டால் பாத்திரக்கடை சரிந்ததுபோலச் சத்தம் போடுகிற வண்டி.

வாஹித் பாஷா தோல் பதனிடும் டேனரியில் சுண்ணாம்புப் பிரிவில் வேலை பார்த்தவர். கழிவுத் தொட்டிக்குள் விழுந்தவனைத் தூக்கப் போய்த் தானும் விழுந்து இறந்தார். கழுத்துக்குக் கீழே துணியை விலக்க அவளை விடவில்லை. முகத்தை மட்டும் பார்த்துக்கொள் என்றார்கள். இடது கையை மருந்துத் தண்ணீர் தின்றுவிட்டதாம். பிறகு யாரோ சொல்லித்தான் தெரிந்தது. அந்தக் கையின் புஜத்தில் தடுப்பூசித் தழும்பு ஒன்று இருந்தது, ஓரமெல்லாம் பூப்போல விரிந்து. தூக்கத்தில் அவளுடைய கட்டைவிரல் அதில் சரியாகப் போய் அடங்கும். பிரேக் போடும்போதெல்லாம் அவர் நீட்டுவதும் அந்தக் கையைத்தான். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மஹீன் முன்னால் சாயாதபடி குறுக்கே நீட்டிப் பிடிப்பார். மகள் வளர்ந்து காலேஜ் போன பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

பயிற்சி தொடங்குமுன், பைபாஸ் ஓரம் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கும் ஆல்வின்தான் வண்டியைத் தூக்கிப் பார்த்திருந்தான்.

"இன்னாக்கா இது, வண்டியா, ஆட்டுக்கல்லா? புஷ்ஷெல்லாம் பொடியாப் போயிருக்கு. ஷாக் அப்சார்பர், லோயர் ஆர்ம் எல்லாத்தையும் மாத்திடறேன். மவுண்டிங்தான் பேஜார்."

"அது இன்னாப்பா?"

"என்ஜின் உக்கார்ற மெத்தைக்கா. மொத்தம் நாலு. மூணு தாங்கும், பின்னாடி இருக்கறது புதுசாட்டமே இருக்கு. வலது பக்கம் மட்டும் ரப்பர் கிழிஞ்சு என்ஜின் தொங்குது. இந்த மாடலுக்கு மெட்ராஸ்லேந்துதான் வரணும்."

"அதுவரைக்கும் இவளை எப்படிக் கூட்டிட்டுப் போறது?"

"ஆம்பூர்ல நின்னுக்கினு இதைக் கேக்கறியேக்கா! தோலை மடிச்சு பேக்கிங் குடுத்துடறேன். நம்ம ஊர்ல பாதி வண்டி தோல் மேலதான் ஓடுது. கனமா ஒரு துண்டு இருந்தா குடு."

மஹீன் சுகராவின் தோளில் முழுப் பாரத்தையும் போட்டு நின்றிருந்தாள். கை எடுக்க வழியில்லை. "டிக்கில அவரு பை இருக்கு. உள்ள ஏதாவது இருக்கும், பாத்து எடுத்துக்கோ" என்றாள்.

அவருடைய சாமான்களைப் போட்டு டேனரியிலிருந்து கொடுத்தனுப்பிய பை. அவள் அதைத் திறந்ததே இல்லை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே கம்பெனியில் தோல் தரம் பிரிக்கும் மேசையில் நிற்கிறவள் சுகரா. கண்ணை மூடிக்கொண்டு தொட்டால் போதும், ஆடா, செம்மறியா, கன்றா, எருமையா, உண்ணி கடித்த இடம் எது, முள் கிழித்த இடம் எது என்று விரலே சொல்லிவிடும். விரல் வைக்காமல் ஒரு துண்டையும் அவள் அடுத்த கைக்கு விட்டதில்லை. அன்று விட்டாள்.

அன்றிலிருந்து வண்டி குலுங்கவில்லை.

வேகத்தடையில் ஏறினால் தண்ணீரில் மிதப்பதுபோல ஏறி இறங்கியது. கதவைச் சாத்தினால் வெளிச்சத்தம் மொத்தமும் அறுந்துபோய், கம்பளிக்குள் தலையை விட்டதுபோல ஒரு கனமான அமைதி வந்து காதை அடைத்தது. மஹீன் ஏறின உடனே தூங்கிவிடுவாள். ஏசி துவாரத்திலிருந்து முதலில் மெலிதாகவும் பிறகு தாராளமாகவும் ஒரு வாடை வரத் தொடங்கியது. ஊறின சுண்ணாம்பும் அழுகிய முட்டையும் கலந்த வாடை. ஆம்பூர்க்காரிக்கு அது புதிதில்லை. காற்று திரும்பினால் ஊரே அப்படித்தான் நாறும். ஆனால் இது பாதி வழியில், வயல்களுக்கு நடுவே, கண்ணாடி ஏற்றியிருக்கும்போது வந்தது. வேலையிலிருந்து வந்து குளிப்பதற்கு முன்னால் வாஹித் பாஷாவின் சட்டையில் இருக்கும் வாடை.

"அப்பா கை நீட்டுவாரே அம்மி," என்றாள் மஹீன் ஒருநாள், அரைத் தூக்கத்தில். "அப்படியே இருக்கு. யாரோ பிடிச்சுக்கிட்டே வர்ற மாதிரி."

சுகரா சிரித்தாள். அழுகையும் வந்தது.

அடுத்த வாரம் மஹீன் சொன்னாள். "கொஞ்சம் இறுக்கமா இருக்கு அம்மி."

அன்று ராத்திரி தையலுக்கு மருந்து போடும்போது பார்த்தாள். இடுப்பின் பக்கவாட்டில் தையல் புள்ளிகள் வரிசையாக இறங்கின. கடைசிப் புள்ளி மட்டும் சீழ் பிடித்து ஆறியதால் வரிசையை விட்டு விலகிச் சின்னக் குழியாக நின்றது. அதெல்லாம் பழகியவை. புதிதாக இருந்தது மேலே, விலா எலும்புகளின் குறுக்கே ஓடிய சிவந்த பட்டை. சீட் பெல்ட் தோளிலிருந்து சரிந்து வரும். இது நேராக இருந்தது. ஒரு கையின் அகலம்.

அதற்கடுத்த வாரம் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, கதவைத் திறந்து, மகளின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள். மஹீன் அசையவில்லை.

"எழுந்திருடி."

"விட மாட்டேங்குது அம்மி." மஹீன் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பிறகு சிரிப்பு நின்றது. "அம்மி. விட மாட்டேங்குது."

சுகரா பலம் கொண்ட மட்டும் இழுத்தாள். ஒட்டின பிளாஸ்திரி பிரிகிற சத்தத்தோடு பெண் அவள் மேல் சாய்ந்தாள். இருக்கையில் ஒன்றுமில்லை. மகளின் சட்டை முதுகு மட்டும் தொப்பலாக நனைந்திருந்தது.

அடுத்த வாரம் ஆல்வின் போன் செய்தான். "மவுண்டிங் வந்துடுச்சுக்கா. நாலும் புதுசு. எடுத்துட்டு வா."

எப்போது என்று கேட்கக்கூட அவள் நிற்கவில்லை. அந்த வண்டியில் மகளை இன்னொரு முறை ஏற்ற மனம் ஒப்பவில்லைதான். ஆனால் அன்று வேலூர் போகும் நாள். வீட்டில் தனியாக விட்டால் தண்ணீர் எடுத்துக் கொடுக்கவும் ஆளில்லை. மவுண்டிங்கை மாற்றிவிட்டு அப்படியே போய்விடலாம் என்று நினைத்தாள். போகிற வழியிலேயே மஹீன் தூங்கிப்போனாள்.

ஷெட்டுக்குப் போனபோது மத்தியானம். மழை கட்டி, பகலே கருத்துக் கிடந்தது. தகரக் கூரையில் பெரிய பெரிய துளிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. கரண்ட் இல்லை. மகளை இறக்கப் பார்த்தாள். கூப்பிட்டாள், கன்னத்தில் தட்டினாள். மஹீன் எழவில்லை.

"பாவம், தூங்கட்டும் வுடுக்கா," என்றான் ஆல்வின். "என்ஜினை மட்டும் ஜாக்கி வெச்சுத் தாங்கிக்கறேன். தலைமேல பூ இருந்தாலும் விழாது."

பானெட்டைத் திறந்தான். ஆவியோடு அந்த வாடை எழுந்து ஷெட் முழுக்கப் பரவியது. ஆல்வின் மூக்கைச் சுளித்தான். வலது பக்கம் நட்டைக் கழற்றி, ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி, மடிந்திருந்த தோலை உருவினான்.

"உன் வூட்டுக்காரர் சரக்கு சரக்குதாங்க்கா. ஒரு என்ஜினையே தாங்கிக்கினு இருந்துச்சு, ஒரு கீறல் இல்ல பாரு."

அவள் கையில் வைத்தான்.

விரல்கள் பழக்கத்தில் தாமாகவே ஓடின. மாடு இல்லை. எருமை இல்லை. ஆட்டுக்கு மயிர்க்கால்கள் வரிசை வரிசையாக இருக்கும், இதில் வரிசை இல்லை. செம்மறி இவ்வளவு அடர்த்தி வராது. கன்று என்று நினைத்தாள். கன்றும் இல்லை. இத்தனை வருஷத்தில் அவள் மேசைக்கு வராத தோல். ஆனால் விரலுக்குத் தெரிந்த தோல். நன்றாகத் தெரிந்த தோல்.

என்ஜின் சூட்டில் சுட்டிருக்க வேண்டும். சுடவில்லை. உடம்புச் சூடுதான் இருந்தது.

மடிப்பைப் பிரித்தாள். கட்டைவிரல் வழுக்கிப்போய் ஒரு குழியில் இறங்கியது. ஓரமெல்லாம் பூப்போல விரிந்த குழி. சரியாக அடங்கியது.

விரலுக்கடியில் அந்தத் தோல் சிலிர்த்தது.

அவள் அதை இடது கைக்குள் இறுக்கிக்கொண்டாள். தகரத்தில் மழை பிடித்துக்கொண்டது. ஆல்வின் அட்டையை விரித்து வண்டிக்கு அடியில் நுழைந்திருந்தான். அவன் கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. ஸ்பானர் சத்தம் கேட்டது. நின்றது.

"அக்கா."

குரலில் கேலி இல்லை.

"பின்னாடி மவுண்டிங்ல தோல் வெச்சது யாரு?"

அவள் அவன் கால்களையே பார்த்தாள்.

"நான் வெக்கலக்கா. ரப்பர்தான் இருந்துச்சு. என் கண்ணால பாத்தேன். வேற யார்கிட்டயாவது வுட்டியா வண்டிய?"

"இல்ல."

வண்டிக்கடியிலிருந்து அவன் கை வெளியே நீண்டது. அதில் ஒரு துண்டு. சுகரா குனிந்து வாங்கினாள். வாங்காமல் இருந்திருக்கலாம்.

ஈரமாக இருந்தது. மெல்லிசு. முந்தியதைவிட இளசு. இன்னும் பதப்படாதது.

பார்க்கக் கூடாது என்று கண்ணை மூடிக்கொண்டாள். விரல் கேட்கவில்லை. போனது. ஒரு கோடு. கோட்டின் இருபக்கமும் புள்ளிகள். வரிசையாக. ஒன்று. அடுத்தது. அதற்கடுத்தது. கீழே இறங்க இறங்க அவள் வேண்டிக்கொண்டே போனாள். கடைசிப் புள்ளி.

விலகி இருந்தது. சின்னக் குழியாக.

"அம்மி."

வண்டிக்குள்ளிருந்து மஹீன். எத்தனையோ மாதமாகக் கேட்காத தெளிவான, சந்தோஷமான குரல்.

"அம்மி, இப்ப வலிக்கவே இல்ல."

சாவி சுகராவின் இடுப்பில் இருந்தது. என்ஜின் ஜாக்கி மேல் உட்கார்ந்திருந்தது. வண்டி மெதுவாக ஏறி, மெதுவாக இறங்கியது. இப்போது இரண்டு மூச்சு.

அவள் திரும்பவில்லை. கண்ணைத் திறந்து கையைப் பார்த்தாள். இடது கையில் இருந்த துண்டு தானாகச் சுருள் பிரிந்தது. நீண்டது. வலது கையில் இருந்த ஈரத் துண்டின் குறுக்கே போய்ப் படிந்தது.

பிடித்துக்கொண்டது.