கமலா சுமந்த பழி

"இன்னும் எவ்வளவு நேரம்? உங்கப்பாவைப் பார்க்கத்தானே போறோம், கல்யாணத்துக்கா?"

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே கமலாவுக்குத் தலை கொதித்தது. கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "வர்றேன்லா, கத்தாதே," என்றான் அவள் கணவன் பாலகிருஷ்ணன்.

மாமனார் வேலாயுதம் பக்கவாதத்தில் விழுந்து ஆறு வருடம். தூக்கியது, துடைத்தது, ஊட்டியது எல்லாம் கமலாதான். போன மாதம் அவர் நோயாளிகளைப் பராமரிக்கும் தாதிமை இல்லத்துக்குப் போனார். அன்றோடு அவள் மாமனாரைத் துரத்தியவள் ஆகிவிட்டாள்! தினமும் செம்பவாங் வீட்டிலிருந்து பஸ் ஏறிப்போய் ஊட்டிவிட்டு வருவது எவர் கண்ணிலும் படவில்லை.

இல்லத்தில், கட்டிலருகே நாத்தனார் புஷ்பலீலா நின்றிருந்தாள். கமலாவைக் கண்டதும் தாதிகள் முன்னாலேயே வெடித்தாள்.

"வாங்க அண்ணி! எங்கப்பாவை இங்க தள்ளிட்டு நிம்மதியாத் தூங்குறீங்களா? அவரென்ன பழைய சோபாவா, வேணாம்னு குப்பையோட பிளாக்குக்குக் கீழ கொண்டுபோய்ப் போட?"

கமலா கணவனைப் பார்த்தாள். அவன் ஜன்னலைப் பார்த்தான். உண்மை அவனுக்கும் தெரியும். வெளியே சொல்ல வேண்டாம் என்று மாமா கேட்டுக்கொண்டதும் தெரியும். ஆனால் அந்த மௌனம் அவனுக்கு எத்தனை வசதியாகிவிட்டது!

"இன்னைக்கே அப்பாவை என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்!"

"லீலா..." கட்டிலிலிருந்து வேலாயுதத்தின் குரல் குழறியது. "அவ தள்ளல... நான்தான் கேட்டேன். என்னைத் தூக்கறப்ப... விழுந்துட்டா. முதுகுல அடி... எந்திரிக்கவே முடியல. அப்பவும், போகாதீங்க மாமான்னு அழுதா... உனக்குத் தெரிஞ்சா நீ என்னைப் பாத்துக்க வேலைய விட்டுருவேன்னு... நான்தான் சொல்ல வேணாம்னேன்..."

புஷ்பலீலா அண்ணன் பக்கம் திரும்பினாள். "உனக்குத் தெரியுமா?"

அவன் தலையைக் குனிந்தான்.

"தெரிஞ்சுமா... என்னை ஏச விட்டுட்டு வேடிக்கை பார்த்தே?"

அடுத்த கணம் அவள் கமலாவைக் கட்டிக்கொண்டு விம்மினாள். "மன்னிச்சிருங்க அண்ணி... வாய்க்கு வந்ததெல்லாம் பேசிட்டேனே!"

ஒரு மாதமாக அடக்கிய அழுகை கமலாவுக்கும் பீறிட்டது. அழுதாள். ஆனால் எரிச்சல் அதோடு கரைந்துபோகவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"சரி, அழுதது போதும். புதன்கிழமை ஊட்ட நீ வா. வெள்ளிக்கிழமை உங்கண்ணன்."

"எனக்கு வெள்ளிக்கிழமை மீட்டிங்..." என்று இழுத்தான் பாலகிருஷ்ணன்.

"எனக்கும் முதுகுன்னு ஒண்ணு இருக்குங்க!"

மதியச் சாப்பாட்டுத் தட்டு வந்தது. அதை வாங்கிக் கணவன் கையில் வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள் கமலா. அவன் கரண்டியைத் தயங்கித் தயங்கி அப்பாவின் வாயருகே கொண்டுபோனான்.

"அவர் தலையைப் பின்னால சாய்க்காதீங்க, புரையேறிரும்!" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே அதட்டினாள்.